கெளுத்திக்கு எந்தத் தரை? மணலா, கிராவலா, செடி மண்ணா, வெறும் கண்ணாடியா

பல இன மீன் சேந்து இருக்குற கம்யூனிட்டி டேங்க்ல கோரிடோரஸ் (சுருக்கமா கோரி, தரையில மேயிற சின்னக் கெளுத்தி) விடலாம்னு இருக்கேன், எத்தனை லிட்டர் வேணும், எந்த ஃபில்டர் நல்லதுன்னு கேக்குறவங்க நிறைய பேரு. அடியில என்ன போட்டிருக்கீங்கன்னு திருப்பிக் கேட்டா மட்டும் "அது ஏற்கனவே கல்லு கெடக்கு"ன்னு ஒரு வரியில முடிஞ்சுடும். நடுத்தண்ணியில நீந்துற டெட்ராவுக்கு, மேல சுத்துற கப்பிக்கு அந்தக் கல்லு சும்மா அலங்காரம்தான். ஆனா நாள் முழுக்க தரையில மூஞ்சிய வச்சு மேயிற கெளுத்திக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு, அதுதான் படுக்கை. அதனால எந்த மீன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி தரைய முடிவு பண்ணுங்க, இல்லன்னா இருக்குற தரைக்கு ஏத்த மீனா தேர்ந்தெடுங்க. ரெண்டுல ஏதோ ஒண்ணு பண்ணியே ஆகணும்.

இத நான் இவ்வளவு அழுத்தமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. என்னோட முதல் கோரி கூட்டம் ஆறு பாண்டா கோரி, டேங்க்ல அப்போ கலர் அடிச்ச உடைகல்லு. வந்தப்ப வாய் ஓரத்துல அழகா ரெண்டு பக்கமும் மீசை இருந்துச்சு, மூணு மாசத்துல பாத்தா நாலு மீனுக்கு வெறும் மொட்டைதான் மிச்சம், ஒண்ணுக்கு உதடே செவந்து போய் சாப்பாடு பக்கத்துல விழுந்தாக்கூட கண்டுபிடிக்க முடியாம தேடிட்டு இருந்துச்சு. கல்லு கூர்மையா இருந்ததாலதான் இப்படின்னு நெனச்சு ஒரு மூலையில கல்ல அள்ளினேன், அடியிலருந்து கருப்பா சேறு கெளம்பி தண்ணியே மறைஞ்சு போச்சு. தினமும் போட்ட தீனியில பாதி அந்தச் சந்துக்குள்ள போய் அழுகிட்டு இருந்திருக்கு. மீன் அந்த அழுக்குலதான் வாய வச்சு தேடிட்டு இருந்திருக்கு.

அதனால மீசை தேயுறதுக்குக் கல்லோட கூர்மை மட்டும்தான் காரணம்னு சொல்றதும் முழு உண்மை இல்ல, கல்லுக்கும் மீசைக்கும் சம்பந்தமே இல்ல, எல்லாம் சுத்தம்தான்னு சொல்றதும் முழு உண்மை இல்ல. கூர்மையான விளிம்பு சின்னதா கீறும், கீறின எடத்துல அழுக்குத் தரையில இருக்குற பாக்டீரியா ஏறும், மீசை அழுகிக் கொஞ்சம் கொஞ்சமா குறையும். வழவழப்பான தரையா இருந்தாலும் அழுக்கா வச்சா மீசை போகும். ஓரளவு கரடான தரையா இருந்தாலும் ரொம்ப சுத்தமா வச்சா தப்பிக்கிற கூட்டமும் உண்டு. கீழ ஒவ்வொண்ணையும் சொல்றப்ப நான் பாக்குற கேள்வி ரெண்டுதான்: மீன் அதுல வாய வச்சா என்ன ஆகும், தீனியும் கழிவும் எங்க போய் நிக்கும்.

கோரி எப்படி சாப்பிடும்னு ஒரு தடவை கிட்ட உக்காந்து பாத்தா இந்தக் கேள்விக்கு அர்த்தம் புரியும். மூக்க மண்ணுக்குள்ள கண்ணு வரைக்கும் முக்கி ஒரு வாய் மணல எடுக்கும், உள்ள இருக்குற புழுவையோ தீனித் துணுக்கையோ மட்டும் வச்சுக்கிட்டு மிச்ச மணல ரெண்டு பக்கமும் செவுள் வழியா புஸ்னு வெளிய விடும். முறத்துல புடைச்சு எடுக்கிற மாதிரி ஒரு வேலை. இதுக்குன்னே அமைஞ்ச வாய் அது. இத செய்ய விடாத தரையில அது உயிரோட இருக்கும், ஆனா பாதி நேரம் என்ன செய்யுறதுன்னு தெரியாம கண்ணாடி ஓரமா மேலயும் கீழயும் ஓடிட்டே இருக்கும்.

முதல்ல கிராவல், அதாவது பொடிக்கல்லு. பெரும்பாலான டேங்க்ல ஏற்கனவே இருக்குறது இதுதான், அதுவே இதோட பெரிய பலம், மாத்துற வேலை இல்ல. கல்லுக்கு நடுவுல தண்ணி ஓடும், அதுல கழிவோட நஞ்ச முறிக்கிற நல்ல பாக்டீரியா நெறைய தங்கும், சைஃபன் குழாய உள்ள விட்டு உறிஞ்சினா கல்லு மேல வந்து திரும்ப விழுந்துடும், அழுக்கு மட்டும் வெளிய போகும். செடிக்கும் பரவாயில்ல. ஆனா கோரிக்கு 4, 5 மில்லிமீட்டர் கல்ல வாயில எடுத்துச் சலிக்க முடியாது, மேலாப்புல தடவிப் பாக்க மட்டும்தான் முடியும். போடுற தீனி சந்துல விழுந்து மீனுக்கு எட்டாம நமக்கும் தெரியாம கெட்டுப்போகும். கிராவலத்தான் வச்சுக்கப் போறீங்கன்னா உருண்டையான ஆத்துக் கல்லா இருக்கணும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில அழுத்தித் தேச்சுப் பாருங்க, உங்க தோலுக்கு உறுத்துச்சுன்னா அத விட மெல்லிசான மீசைக்கு எப்படி இருக்கும். கலர் பூசின உடைகல்லு வேண்டவே வேண்டாம், பூச்சு உரிஞ்சு வர்ற ரகமும் இருக்கு. தீனிய ஒரு சின்ன மண் தட்டுலயோ கண்ணாடித் தட்டுலயோ போட்டுப் பழக்குங்க, ஒரு வாரத்துல மீன் எடத்தக் கத்துக்கும். வாரா வாரம் தண்ணி மாத்துறப்ப சைஃபன கல்லோட அடிமட்டம் வரைக்கும் எறக்கணும், மேலாப்புல காட்டிட்டு எடுத்தா பிரயோஜனம் இல்ல. ஒரு தடவையிலயே மொத்தத் தரையையும் கிண்டாம இந்த வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதின்னு போங்க. இவ்வளவும் தவறாம செய்வேன்னா கிராவல்ல வெண்கலக் கோரி மாதிரி தாக்குப்பிடிக்கிற இனங்கள் நல்லாவே இருக்கும்.

வெறும் கண்ணாடி, அதாவது அடியில ஒண்ணுமே போடாதது. குஞ்சு பொரிக்க வைக்கிறவங்க இத விரும்புறதுக்குக் காரணம் தெளிவு, ஒரு துளி அழுக்குகூட மறைய எடமில்ல, ரெண்டு நிமிஷத்துல உறிஞ்சி எடுத்துடலாம். புதுசா வாங்கின மீன மூணு நாலு வாரம் தனியா வச்சுப் பாக்குற டேங்குக்கு இத விட நல்லது கெடையாது. வெள்ளைப்புள்ளி நோய் வந்தா அந்த ஒட்டுண்ணி மீன் உடம்புலருந்து விழுந்து தரையிலதான் கூடுகட்டிப் பெருகும், வெறும் கண்ணாடியா இருந்தா தினமும் அடிய உறிஞ்சியே அதோட எண்ணிக்கையக் குறைக்கலாம். ஆனா வாழ்நாள் முழுக்க ஒரு கோரிய இதுல வைக்கிறது எனக்குச் சரியாப் படல. சலிக்க மண்ணே இல்ல, அடியிலருந்து வெளிச்சம் திருப்பி அடிக்கும், கண்ணாடி மேல ரெண்டு நாள்ல ஒரு வழுவழுப்பான படலம் புடிக்கும், அதத் தொடைக்காம விட்டா மீன் வயிறும் மீசையும் நாள் முழுக்க அதுலதான். தரையில பாக்டீரியா தங்க எடம் இல்லாததால மொத்தச் சுமையும் ஃபில்டர் மேல விழும்ங்கறதையும் மறக்காதீங்க. தனி டேங்க்லகூட ஒரு சின்னத் தட்டுல மணல் வச்சுக் குடுங்க, ஆறு மீனும் அந்தத் தட்டுலயே குடியிருக்குறதப் பாப்பீங்க.

செடி மண்ணு, அக்வா சாயில்னு விக்கிறது. செடி வளக்கத்தான் டேங்கே வச்சிருக்கேன்னு சொல்றவங்களுக்கு இதுல ஆசை இருக்கும், நியாயம்தான். உருண்டை உருண்டையா லேசா இருக்கும், புதுசுல கூர்மையும் பெருசா கெடையாது. ரெண்டு விஷயம் கவனிக்கணும். சத்து ஏத்தின மண்ணு பலதும் முதல் சில வாரம் அமோனியா விடும், அந்த நேரத்துல மீன் விட்டா, அதுலயும் அடியிலயே படுத்திருக்குற மீன விட்டா நேரா செவுளத்தான் தாக்கும், டெஸ்ட் கிட்ல அமோனியா 0, நைட்ரைட் 0னு தொடர்ந்து வர்ற வரைக்கும் பொறுத்தே ஆகணும். அடுத்தது அந்த உருண்டை காலப்போக்குல நொறுங்கும், கோரி கூட்டம் தினமும் கிண்டுறதால இன்னும் சீக்கிரம் சேறாகும், தண்ணி கலங்கும், புதுசா நட்ட செடி வேரோட மேல மெதக்கும். இது தண்ணியோட பிஹெச்சையும் கொஞ்சம் எறக்கும், தென் அமெரிக்காவுலருந்து வர்ற கோரிக்கு அது பெரும்பாலும் நல்லதே, ஆனா காரத்தண்ணி கேக்குற மோலி மாதிரி மீன் அதே டேங்க்ல இருந்தா ஒத்துவராது. என் கணக்குல சாயில் பின் பாதிக்கு மட்டும், முன்னாடி வேற ஏதாவது.

இனி மணல். ஒளிச்சு வைக்காம சொல்லிடுறேன், கோரிதான் உங்க முக்கிய மீன்னா என் பதில் மணல்தான். ஆனா மணல்னு சொன்ன உடனே எந்த மணலையும் கொண்டுவந்து கொட்டக் கூடாது, அங்கதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. கல்ல அரைச்சு எடுக்குற கட்டட மணல் கண்ணுக்குப் பொடியா இருந்தாலும் ஒவ்வொரு மணியும் உடைஞ்ச விளிம்போட இருக்கும். தண்ணி ஓடி உருண்ட ஆத்து மணலோ, நீச்சல்குளம் ஃபில்டருக்குப் போடுற சலிச்ச மணலோதான் பொருத்தம், மணி அளவு 1 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அதே சமயம் மாவு மாதிரி நைசா இருந்தாலும் தொல்லை, அது இறுகிக் கெட்டியாகும், கொஞ்சம் கெளறினாலும் மேகம் மாதிரி எழும்பும். கடற்கரை மணல்ல கிளிஞ்சல் பொடி கலந்திருக்கும், தண்ணியோட கடினத்தன்மைய ஏத்திட்டே போகும், உப்பும் இருக்கும், அத விட்டுடுங்க. எந்த மணலா இருந்தாலும் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் ஊத்திப் பாருங்க, நொரை பொங்குச்சுன்னா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம்.

கழுவுறதுல பொறுமை வேணும். பக்கெட்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டுத் தண்ணிய விட்டுக் கையால கலக்கி ஊத்திட்டே இருக்கணும், பத்துப் பதினஞ்சு தடவைகூட ஆகும், ஊத்துற தண்ணி தெளிவா வந்தாத்தான் நிறுத்தணும், இதுல சோம்பல் பட்டா டேங்க் ஒரு வாரம் பால் மாதிரி இருக்கும். உயரம் 2லருந்து 4 சென்டிமீட்டர் போதும், அதுக்கு மேல கனமா போட்டா அடியில ஆக்ஸிஜன் போகாம அழுகல் முட்டை நாத்தம் அடிக்கிற வாயு சேரும். கோரி கூட்டம் மேலாப்பக் கெளறிட்டே இருக்கும், ஆனா கல்லு, கட்டைக்கு அடியில, ஃபில்டர் பின்னாடி இருக்குற மூலையில எல்லாம் அதுங்களால போக முடியாது, அங்க வாரம் ஒரு தடவை விரலாலயோ ஒரு குச்சியாலயோ நீங்களே மெதுவா கெளறி விடுங்க. மலேசியன் டிரம்பெட் நத்தை இருந்தா மண்ணுக்குள்ளயே பொதைஞ்சு பொதைஞ்சு அந்த வேலைய அதுவும் பாக்கும்.

மணல்ல எனக்குப் புடிச்ச இன்னொரு விஷயம், அழுக்கு உள்ள எறங்காது, மேலயே கெடக்கும். பாக்க அசிங்கமா இருக்குதேன்னு சில பேருக்கு இது குறையாத் தெரியும், எனக்கு இதுதான் நன்மை. எவ்வளவு தீனி மிச்சமாகுதுன்னு கண்ணால தெரியுது, சைஃபன மணலுக்கு ஒரு விரல் உயரத்துல பிடிச்சு வட்டமா சுத்தினா மேல இருக்குற கழிவு மட்டும் ஏறி வந்துடும். குறைகளும் உண்மைதான். ஃபில்டர் உறிஞ்சுற வாய் தரைக்குப் பக்கத்துல இருந்தா மணல் உள்ள போய் மோட்டார அரிச்சுடும், அதனால குறைஞ்சது நாலு விரல் உயரத்துலயாவது இருக்கட்டும், ஸ்பாஞ்ச் மாட்டினா இன்னும் நல்லது. வேர்ல சாப்பிடுற செடிக்கு மணல்ல சத்து கெடையாது, வேர்ப்பக்கம் சத்து மாத்திரை பொதைக்கணும். அப்புறம் நிறம், பளீர்னு வெள்ளை மணல் போட்டா மேலருந்தும் கீழருந்தும் வெளிச்சம் அடிச்சு மீன் வெளுத்துப் போய் ஒளிய எடம் தேடும், இயற்கையான பழுப்பு மணல்ல அதே மீன் நிறம் தெளிஞ்சு நிதானமா சுத்தும்.

ரெண்டும் வேணும்ங்கறவங்களுக்குக் கலப்புத் தரை இருக்கு. முன்பக்கம் மூணுல ரெண்டு பங்கு மணல், பின்பக்கம் செடிக்கு சாயிலோ கிராவலோ, நடுவுல கல்லு அடுக்கியோ கட்டை போட்டோ ஒரு வரப்பு. காலப்போக்குல மணல் நைசா இருக்குறதால சந்து வழியா அந்தப்பக்கம் எறங்கும், பெரிய மணி மேல ஏறும், கொஞ்சம் கலந்துதான் போகும், அது தெரிஞ்சே செய்யுங்க. செடி மேல ஆசையும் கோரி மேல பிரியமும் சமமா இருந்தா நான் இதத்தான் சொல்லுவேன்.

இதுவரைக்கும் கோரியவே மனசுல வச்சுப் பேசினேன், ஏன்னா மண்ண வாயில எடுத்துச் சலிக்கிறது அதுங்கதான். பேரு விஷயத்துல சின்னதா ஒண்ணு, 2024ல கோரிடோரஸ்னு ஒரே பேரினத்துல இருந்த நூத்துக்கும் மேற்பட்ட இனங்களப் பல பேரினமா பிரிச்சுட்டாங்க, வெண்கலக் கோரி இப்போ ஆஸ்டியோகாஸ்டர், பெப்பர்டு கோரி ஹோப்லிசோமா, அதனால வேற பேருல போட்டிருந்தா வேற மீன்னு நெனச்சுக் குழம்ப வேண்டாம். நீள மூக்கு கோரி வகைக்கு ஆழமா முக்குற பழக்கம், அதுங்களுக்கு மணல் கிட்டத்தட்ட கட்டாயம். பிக்மி கோரி 3 சென்டிமீட்டர்கூட வளராது, பாதி நேரம் நடுத்தண்ணியிலயே கூட்டமா நிக்கும், ஆனா எறங்குறப்ப பெரிய கல்லு சந்துல ஒண்ணும் கெடைக்காது. பாசி சொரண்டுற கெளுத்தியான பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோவுக்குத் தரைய விட ஒட்டிக்கிட்டு சொரண்ட ஒரு மரக்கட்டையும் நுழைஞ்சு படுக்க ஒரு குகையும்தான் முக்கியம், எந்தத் தரையா இருந்தாலும் பெருசா கவலப்படாது. ஓட்டோ கெளுத்தி இலையிலயும் கண்ணாடியிலயும் பாசிப்படலம் மேயும், அதுக்குத் தரை இல்ல, நல்லா முதிர்ந்த டேங்க்தான் வேணும், புது டேங்க்ல பட்டினியிலயே போயிடும். அதனால கிராவல மாத்தவே முடியாதுன்னா கோரிய வற்புறுத்தாம ஒரு பிரிஸ்டில்நோஸ் வைங்க, 12, 13 சென்டிமீட்டர்ல நின்னுடும். சாதா பிளெக்கோ குட்டியா இருக்குறப்ப அதே மாதிரி தெரியும், 30 சென்டிமீட்டரத் தாண்டி வளரும். ஷார்க்குன்னு விக்கிற பங்காசியஸ் ஒரு மீட்டருக்கும் மேல போகும். அது ரெண்டையும் எந்தத் தரை போட்டும் கம்யூனிட்டி டேங்க்ல காப்பாத்த முடியாது, தயவுசெஞ்சு வாங்காதீங்க.

தரை எவ்வளவு சரியா இருந்தாலும் அதால ஈடுகட்ட முடியாத சில விஷயம் இருக்கு. ஒரே இனத்துல ஆறாவது இருக்கணும், ஒண்ணு ரெண்டா வச்சா பயந்தே ஒடுங்கும். மத்த மீன் விட்ட மிச்சத்த சாப்பிட்டுக்கும்னு நம்பி விட்ட கோரிதான் வயிறு ஒட்டிப்போய் சாகுது, கீழ எறங்குற தீனி அதுக்குன்னு தனியா போடணும், லைட் அணைச்சப்புறம் போட்டா டெட்ரா கூட்டம் பறிக்காது. வெப்பம் பாருங்க, பாண்டாவும் பெப்பர்டும் 25 டிகிரிக்குள்ள இருந்தாத்தான் சுகம், 27, 28ல ஓடுற டேங்குக்கு ஸ்டெர்பாய் கோரி எடுங்க. கோரி திடீர்னு மேல பாஞ்சு ஒரு வாய் காத்து குடிச்சுட்டு எறங்கும், குடல் வழியா அந்தக் காத்தையும் சுவாசிக்கும், எப்போவாவது பண்ணினா இயல்பு, எல்லாம் சேந்து நிமிஷத்துக்கு நிமிஷம் பண்ணினா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு விரல் எடம் விடுங்க. வலையில பிடிக்கிறப்ப நம்ம கெளுத்தி மாதிரியே முள்ள வெறைச்சு வலையில மாட்டிக்கும், இழுக்காதீங்க, ஒரு டப்பாவால மொண்டு எடுங்க.

ஓடிட்டிருக்குற டேங்க்ல கிராவல மணலா மாத்தப் போறீங்கன்னா ஒரே நாள்ல வாரி எறியாதீங்க. தரையிலயும் பாக்டீரியா இருக்கு, அத மொத்தமா எடுத்துட்டு ஃபில்டரையும் அதே நாள்ல கழுவினா அமோனியா ஏறி கீழ இருக்குற மீன்தான் முதல்ல வாங்கும். நான் செஞ்சது மூணு வாரக் கணக்கு. மொத வேலையா சைஃபன்ல முடிஞ்ச வரைக்கும் சேற எடுத்தேன். ஒவ்வொரு வாரமும் மீன மட்டும் அதே தண்ணியில ஒரு டப்பாவுல மாத்திட்டு, மூணுல ஒரு பங்கு கல்ல மெதுவா அள்ளினேன், கழுவின மணல ஒரு அகலக் குழாய் வழியா அடியிலயே எறக்கினேன், மேலருந்து கொட்டினா கலங்கும். பாதித் தண்ணிய மாத்தி, கலங்கல் அடங்கினப்புறம்தான் மீன உள்ள விட்டேன். ஃபில்டரத் தொடவே இல்ல. அந்த மூணு வாரமும் தீனி பாதி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அமோனியா டெஸ்ட். மீசை கெட்டுப்போன மீனுக்கு மருந்து எதுவும் ஊத்தல, தாமிரம் கலந்த மருந்துக்குக் கெளுத்தி ரொம்ப நொந்துபோகும், சுத்தமான தண்ணியே போதும்னு விட்டு, வாரத்துக்கு ரெண்டு தடவை முப்பது சதவீதம் மாத்தினேன்.

மீசையோட வேர்ப்பகுதி மிச்சமிருந்தா திரும்ப வளரும். எனக்கு அஞ்சு வாரம் கழிச்சு முதல் மீனுக்கு வெள்ளையா நூல் மாதிரி ஒரு நுனி தெரிஞ்சுச்சு, அப்புறம் அடுத்தடுத்து இன்னும் ரெண்டுக்கு. உதடு செவந்திருந்த மீனுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வந்துச்சு, இன்னொரு பக்கம் மொட்டையாவே இருக்கு, அதனால தீனி போடுறப்ப அது பக்கத்துல ஒரு பெல்லட்ட தனியா எறக்கிடுறேன், எடுத்துக்கிட்டு கண்ணு வரைக்கும் மணலுக்குள்ள போயிடுது.